கருட சேவையன்று எடுத்த மூன்று படங்கள்

அம்ருதவல்லியை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு ஆராவமுதன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்பது டாக்டர் சொன்னது. பன்னிரண்டு ஐந்துக்கு அவர் மறுபடியும் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். மனுஷர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பூமி ஒரு சுற்றுச் சுற்ற இருபத்து நான்கு மணி நேரம் ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்கு மட்டும் மூன்று வருஷமாகப் பொழுது இரண்டிரண்டு மணி நேரமாகத்தான் விடிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கே பாத்துடலாமோன்னோ?" என்றாள் அம்ருதவல்லி, சுவரைப் பார்த்தபடி.

"பாத்துடலாம். தர்மன் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"நாளைக்குன்னா வேண்டாம். இன்னிக்குப் பாத்தா சேவை. நாளைக்குப் பாத்தா அது வெறும் படம்."

அவளுக்குத் தண்டுவடத்தில் வந்த கோளாறு. நாற்பத்து நான்கு வயதில் ஒரு நாள் கால் மரத்துப்போனது, பிறகு திரும்பி வரவேயில்லை. கைகளும் ஒரு தம்ளரைத் தூக்கும் அளவுக்குத்தான் மிச்சம். குடியிருப்பதோ மாடி வீடு. பத்தொன்பது படி. நாற்காலியோடு இறக்கலாம் என்று முதல் வருஷம் நாலு பேர் முயன்று பார்த்தார்கள். படி வளைகிற இடத்தில் நாற்காலி வளைய மறுத்துவிட்டது. சந்நிதித் தெரு கூப்பிடு தூரம்தான். வைகாசி உற்சவத்தில் மேளம் கேட்கும், வேட்டுக் கேட்கும், பெருமாள் மட்டும் தெரிய மாட்டார்.

இந்த மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதில்லை. தண்ணீர்கூட அவர் தானாகக் கொடுத்தால்தான். அது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சில் முள்ளாகவும் இருந்தது. அப்படிப்பட்டவள் நாலு நாளைக்கு முன்னால், "இந்த வருஷம் கருட சேவைக்குப் போங்கோ. போன்ல ஒரு படம் எடுத்துண்டு வாங்கோ" என்றாள். காலண்டரில் இல்லாத கருட சேவையா என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அது யாரோ எடுத்தது. நாம நிக்கற இடத்துலேருந்து, உங்க கண்ணுக்கு எப்படித் தெரியறாரோ அப்படி எடுத்துண்டு வாங்கோ" என்றாள். நாம் நிற்கிற இடம் என்றால் கோபுரத்துக்கு எதிர்ச்சாரியில், பாத்திரக் கடை வாசல், விளக்குக் கம்பத்தை ஒட்டினாற்போல. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் படுக்கையில் விழுகிறவரை இருபத்திரண்டு கருட சேவை அங்கே நின்றுதான்.

அதனால் முந்தின நாள் மணியம்மாளை இங்கேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அம்ருதவல்லியைப் பார்த்துக்கொள்கிற பெண்பிள்ளை அவள். "நீ போயிட்டு வா சாமி. நான் பாத்துக்கினு இருக்கேன். வருசத்துக்கு ஒரு நாளாவது மனுசன் வெளிய காத்தாடப் போவ வாணாமா" என்று சொல்லி, கருக்கலில் அவரைக் கிளப்பிவிட்டாள். அவரும் போனார், நின்றார், கருட வாகனத்தில் பெருமாள் கோபுர வாசலுக்கு எழுந்தருளினார், படமும் எடுத்தார். ஒன்றுக்கு மூன்றாக. மணியம்மாள் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்கும் வீடு வாசல் இருக்கிறதே.

போனிலேயே காட்டிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தார். பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் ஸஹானா, தான் புதுசு வாங்கியபோது கழித்துக் கொடுத்த போன் அது. அதன் திரை தீப்பெட்டியில் பாதி. படுத்த வாக்கில் அம்ருதவல்லிக்குக் கண்ணாடி நழுவிப்போகும். கையில் பிடித்துப் பார்க்கவும் தெம்பு கிடையாது. அவர் பிடித்துக் காட்டியபோது, "ஏதோ மஞ்சளாத் தெரியறது" என்றாள். அவருக்குமே அப்படித்தான் தெரிந்தது. அதே ஸஹானா கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று கட்டிலின் இடப்பக்கம் மேஜையில் இருந்தது. அதன் திரை பெரிசு. போனிலிருந்து படம் அந்தத் திரைக்குப் போய்விட்டால் தீர்ந்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டு முழ தூரம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே, அந்த இரண்டு முழத்தைத் தாண்டுவதற்குள் ஆராவமுதனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

போனோடு வந்த ஒயரை ஸஹானா எங்கே போட்டாளோ, அவளுக்கே தெரியவில்லை. தர்மனின் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் என்று போனார். வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு, சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்து, ஒரு குரல் கேட்டால் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு. தெருவெல்லாம் ஜனம். பெருமாள் பெரிய காஞ்சிபுரம் பக்கம் போய்விட்டார், ஜனம் மட்டும் மோர்ப் பந்தலையும் பானகப் பந்தலையும் விட்டு நகரவில்லை. ஐந்து நிமிஷ நடைக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. வெயில் தலையில் இறங்கியது. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போவதைப் பார்க்க அவருக்குப் பக்தி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தர்மன் கடையில் பெயர்தான் ஜெராக்ஸ். சேலைக்காரர்கள் போனில் பிடித்துவரும் முந்தானைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மெட்ராஸ் கடைகளுக்கு மெயில் அனுப்புவதுதான் அவனுக்கு முழுநேரத் தொழில். அன்றைக்கும் நாலு பேர் காத்திருந்தார்கள். தர்மன் ஒரு கொத்து ஒயரை எடுத்து ஒவ்வொன்றாகப் போனின் வயிற்றில் சொருகிப் பார்த்தான். ஒன்றும் சேரவில்லை.

"இது வேற பின்னு சார். இந்த மாடலே இப்ப வர்றதில்ல. ப்ளூடூத்ல ஏத்திப் பாக்கறேன், உக்காரு சார்."

"நேரம் ஆகுமாப்பா? ஆத்துல அவ தனியா இருக்கா."

"அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாக நீண்டது. போன் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தது. கம்ப்யூட்டர் போனைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டையும் அணைத்துப் போட்டான். நாலு சைபர் அடிக்கச் சொன்னான், அடித்தார். நீலக் கோடு ஒன்று திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்தது, பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து. ஆராவமுதன் நாற்காலியிலேயே ஒரு தூக்கம் போட்டார். மூன்று படமும் ஏறியபோது தர்மன் திறந்துகூடப் பார்க்கவில்லை, காத்திருந்தவர்கள் அவன் தலைக்கு மேல் நின்றார்கள். தன் பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்து, "வூட்ல சொருவு சார், அதுவே வரும். அப்பறமாக் குடு போதும்" என்றான்.

வீட்டில் சொருகினார். அதுவாக எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு கட்டம் வந்து, புது சாமான் ஒன்று வந்திருக்கிறது, அதற்கான டிரைவரைக் கொடு என்று கேட்டது. ரத்து செய்தார், மறுபடி கேட்டது. பெங்களூருக்குப் போன் போட்டார்.

"அப்பா, அது ரொம்பப் பழைய விண்டோஸ். பென் டிரைவ் எடுக்காது. சிடில போட்டுத் தரச் சொல்லு" என்றாள் ஸஹானா. "அம்மா எப்படி இருக்கா?"

"சுவரப் பாத்துண்டு இருக்கா" என்றார் ஆராவமுதன். அவ்வளவு சுள்ளென்று சொல்லியிருக்க வேண்டாம்.

மணி பதினொன்று இருபது. அம்ருதவல்லி திரும்பாமலே, "முடியலேன்னா விட்டுடுங்கோ. பாவம், எத்தனை தரம் ஏறி இறங்குவேள்" என்றாள். அந்தப் 'பாவம்' அவரைச் சுட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கட்டாந்தரையில் படுத்துத் தூங்க வேண்டும் போல ஆசை வந்தது. இந்த ஒன்றைக்கூடச் செய்து கொடுக்க முடியாவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன் என்றும் வந்தது. இரண்டாவதுதான் செருப்பை மாட்டிக்கொண்டது.

மறுபடி பத்தொன்பது படி, மறுபடி மோர்ப் பந்தல், மறுபடி தர்மன்.

"சிடியா? போட்டுடலாம் சார். எதுக்கும் ஒரு தபா ஓப்பன் பண்ணிப் பாத்துடலாம்" என்று தர்மன் முதல் படத்தைத் திறந்தான்.

பெரிய திரையில் படம் விரிந்தது. நிறையத் தலைகள், தலைகளுக்கு மேல் கூப்பிய கைகள், அதற்கும் மேலே வெள்ளையாக ஒரு பெரிய வட்டம். இரண்டாவது படம் ஆடிப்போயிருந்தது. மூன்றாவதிலும் அதே வட்டம், ஓரத்தில் தீவட்டி வெளிச்சம் மஞ்சளாகப் படிந்து.

தர்மன் திரைக்குக் கிட்டே குனிந்தான். "சாமி எங்க சார்?"

வட்டம் என்பது குடை. கோபுர வாசலில் பெருமாளைக் குடையால் மறைத்துப் பிறகு விலக்குவார்கள். வெளியூரில் உடம்பு முடியாமல் கிடந்த ஒரு பக்தருக்குக் காட்சி கொடுக்க அந்த நேரத்தில் பெருமாள் அங்கே போய்விட்டு வருகிறார் என்பது ஐதிகம். ஆராவமுதனுக்கு இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பெருமாள் வெளியே வருகிறபோது போன் கையில் தயாராகத்தான் இருந்தது. வந்ததும் கை அவரைக் கேட்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டது எப்போது என்றே தெரியாது, இரண்டு கையும் தலைக்கு மேல் ஏறிக் கூப்பிக்கொண்டு நின்றன. பிறந்ததிலிருந்து பழகிய கை. பெருமாளைக் கண்டால் அதற்கு வேறு வேலை தெரியாது. குடை வந்து மறைத்தபோதுதான் கை கீழே இறங்கியது. அப்போதுதான் போன் நினைவுக்கு வந்தது. பரபரவென்று மூன்று தரம் அழுத்தினார். குடை விலகியது, கை மறுபடி மேலே போய்விட்டது. அவ்வளவு கூட்டத்தில் பெருமாள் இல்லாத நேரமாகப் பொறுக்கி எடுத்துப் படம் பிடித்த மகானுபாவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இதுக்குப் போயி ஏன் சார் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற" என்றான் தர்மன். "ஸ்டுடியோ தேவசகாயம் அண்ணன் கோபுரத்துக்குப் பக்கத்து மாடியில நின்னுக்கினு சைடுல எடுத்தாரு. டிஜிட்டல் கேமரா. மெயில் அனுப்பறதுக்கு இங்கதான் வந்தாரு, அப்படியே கெடக்குது. பாரு சார், சூப்பரா இருக்குது."

நிஜமாகவே பிரமாதமாக இருந்தது. திருமுகத்து வேர்வையைக்கூடத் துடைத்துவிடலாம் போல அவ்வளவு துல்லியம். ஆராவமுதன் பெருமாள் முகத்தையே பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. யாரோ எடுத்தது வேண்டாம் என்று அவள் சொன்னது காதில் கேட்டது. பெருமாள் அதே பெருமாள்தானே, இன்று காலை அதே கருட சேவைதானே என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. களைத்துப்போனவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வெகு நேரம் ஆகாது.

"இதையே போட்டுக் குடுத்துடுப்பா. அந்த மூணும் வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு இருபது. அம்ருதவல்லி தாமதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை இடப்பக்கம் திருப்பினார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். கண்ணாடியை மாட்டி, நழுவாமல் காதோரம் பஞ்சை அடைத்தார். மேஜையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தார். எல்லாம் வழக்கம்போல, ஒரு வார்த்தை இல்லாமல். அவர் அவளுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. செய்கிறபோது முகம் மட்டும் ரேஷன் கடைக்காரர் முகமாக இருக்கும். அது அவருக்கே தெரியும், மாற்றத்தான் தெம்பில்லை.

சிடி உள்ளே போய்க் கரகரவென்று சுற்றியது. பழைய கம்ப்யூட்டர், பெரிய படம். மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டையாகத்தான் வந்தது. முதலில் கோபுரத்தின் ஓரம். பிறகு குடை நுனிகள். பிறகு கிரீடம். பெருமாள் திருமுகம் வந்தபோது அம்ருதவல்லியின் விரல்கள் விரிப்பின் மேல் லேசாக அசைந்தன. கையைக் கூப்ப முடியாது. கூப்ப நினைத்தாள் என்பது தெரிந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் மூக்கின் மேலாக வழிந்து தலையணையில் இறங்கியது. ஆராவமுதனுக்கு அப்பாடா என்றிருந்தது. பொய்யானாலும் பலித்துவிட்டது. படம் மேலும் இறங்கியது. கருடன், அவன் ஏந்திய திருவடி, அதற்குக் கீழே எதிர்ச்சாரியில் நிற்கிற ஜனங்கள்.

அவள் கண் படத்தோடு கீழே இறங்கி, அடியில் ஓரிடத்தில் நின்றது.

"நன்னா சேவிச்சேளா?" என்றாள் கடைசியில்.

"சேவிச்சேன்."

"இது நீங்க எடுத்ததா?"

"ஆமாம்" என்றார் ஆராவமுதன்.

"பெரிசு பண்ண முடியுமோ?"

"முடியுமே." அவர் பெருமாள் முகத்தைப் பெரிசாக்கினார்.

"அங்கே இல்லை. கீழே. இன்னும் கீழே. கம்பத்துக்குப் பக்கத்துல."

படத்தை இழுத்தார். விளக்குக் கம்பம் வந்தது, பாத்திரக் கடைப் பலகை வந்தது. பலகைக்குக் கீழே ஒரு ஆள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பிக்கொண்டு நின்றான். சட்டைப்பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கன்னமெல்லாம் நனைந்து, தீவட்டி வெளிச்சத்தில் பளபளத்தது. எதையும் சுமக்காத முகம். யாராக இருக்கும் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார். அதற்குப் பிறகுதான் சட்டை தன்னுடையது என்று தெரிந்தது.

மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நான் எடுத்ததுல வெறும் குடைதான் இருந்தது, அம்ருதா. இது ஸ்டுடியோக்காரர் எடுத்தது. பொய் சொல்லிட்டேன்."

"அது நாம நிக்கற இடத்துக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து எடுத்ததுன்னு அப்பவே தெரிஞ்சுடுத்து."

"எடுக்கணும்னுதான் போனேன். அவர் வெளியில வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு. போன் ஞாபகம் இல்லை." மூன்று வருஷமாக அடக்கிவைத்த ஒன்று, படம் எடுக்கத் தெரியாத கதையைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வந்தது. "உன் ஞாபகமும் இல்லை. நீ இங்கே கிடக்கறேங்கறதே ஞாபகம் இல்லை. எனக்கு எவ்வளவு நன்னா இருந்தது தெரியுமா."

அம்ருதவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு மட்டும் உங்க ஞாபகம் இருந்துதா என்ன?" என்றாள். "இருபத்திரண்டு வருஷம் உங்க பக்கத்துல, தோளோட தோள் இடிச்சுண்டு நின்னிருக்கேன். அந்த நேரத்துல ஒரு தரமாவது திரும்பி உங்களைப் பாத்திருப்பேனா? இப்படி ஒரு முகம் உங்களுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

படத்தை மறுபடி பெருமாளிடம் கொண்டுபோக அவர் கையை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். "பெருமாளை அப்பறம் சேவிச்சுக்கறேன்."

ஆராவமுதன் கட்டிலின் விளிம்பில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. திரையில் இருந்த அந்த மனுஷனை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.